இடக்கை நத்தை

ஒட்டுண்ணியியல் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் நாடா. நாடாப்புழுவின் செல்லச் சுருக்கம் அது. உருவத்தைப் பார்த்து வைத்ததல்ல. ஆள் குட்டையாக, உருண்டையாக, உட்கார்ந்தால் நாற்காலியின் கைப்பிடிகள் வெளிப்பக்கமாக வளைகிற வாகில்தான் இருப்பார். பேச்சைப் பார்த்து வைத்தது. அது துண்டு துண்டாக வரும். எந்தத் துண்டில் அறுத்தாலும் தலை மட்டும் உள்ளே பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்து மறுபடி முழு நீளத்துக்கு வளர்ந்துவிடும். வரவேற்புரைக்கு அவரை அழைத்தால், நன்றி சொல்லக் காத்திருப்பவர் பசியில் கண்ணிருண்டு சுவரைப் பிடித்துக்கொள்ளும்வரை ஓயமாட்டார்.

அவருடைய அறையில் ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தது. வழவழப்பான துணி உறை பக்கத்தில் மடித்துக் கிடக்கும். ஸ்லைடு வைக்கிற மேடையில் தேநீர்க் கோப்பையை வைப்பார். கண் வைக்கிற குழாயில் மூக்குக்கண்ணாடிக் கயிற்றை மாட்டுவார். கடைசியாக அவர் அதில் குனிந்து பார்த்தபோது உள்ளே நெளிந்த புழுவுக்கு இந்நேரம் எள்ளுப்பேரன் பிறந்து, அந்த எள்ளுப்பேரனும் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியிருப்பான்.

அப்படிப்பட்டவருக்கு அடுத்த மாதம் ஓய்வு. உலகத்தில் மற்ற மனிதர்கள் ஓய்வு பெற்றால் தூங்குவார்கள், ஊர் சுற்றுவார்கள், பிடிக்காதவர்களைப் பற்றிக் கதை கட்டுவார்கள். அந்த ஆனந்தத்துக்கு ஈடில்லை. நாடாவுக்கோ அந்தச் சொல்லே ஆகாது. வாசலில் பெயர்ப்பலகை இருக்காது. மணியை அடித்தால் ஆள் வராது. ‘சார்’ என்று எழுந்து நிற்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். வீட்டுப் பக்கம் அவரை ‘சார்’ என்று கூப்பிடுகிற ஒரே ஆள் தண்ணீர்க் கேன் போடுகிறவர். கதவைத் திறக்கத் தாமதமானால் அவரும் ‘யோவ்’ என்பதற்கு இறங்கிவிடுவார்.

வீட்டில் மனைவி தையல் தொழில் நடத்தினாள். முன்னறை முழுக்க மெஷின்கள், வெட்டின துணி, உதிர்ந்த நூல். கணவரின் ஓய்வை அவள் நெடுநாளாக ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, அடுத்த மாசத்துல இருந்து பட்டன் தைக்கிற வேலையை உங்ககிட்ட விட்டுடறேன்.”

“நான் பேராசிரியர்டி.”

“அதனால என்ன, கண்ணாடி போட்டுக்கிட்டே தைக்கலாம்.”

“எனக்குக் கை நடுங்கும்.”

“வேலை பார்த்துப் பழகாத கை. பழகினா நின்னுடும்.”

இந்த நிலையில்தான் துணைவேந்தரிடமிருந்து அந்த அறிவிப்பு வந்தது. மாணவர்கள் ஆய்வகத்தில் இடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஒவ்வொரு துறையும் தன் பாடத்துக்கான படங்களை இணையத்தில் ஏற்ற வேண்டும். பிள்ளைகள் வீட்டிலிருந்தே போனில் பார்த்துப் படிப்பார்கள். எந்தத் துறையின் இணையதளம் சிறந்ததென்று துணைவேந்தரின் கமிட்டி வந்து பார்த்துச் சொல்கிறதோ அந்தத் துறைத் தலைவரே புதிதாகத் தொடங்கப்போகும் படவழிக் கற்றல் மையத்துக்கு இயக்குநர். மூன்று வருடப் பணி நீட்டிப்பு. படித்ததும் நாடாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மூன்று வருடம்! பட்டனாவது ஒன்றாவது.

துறையில் இன்னொருவர் உண்டு, உதவிப் பேராசிரியை. பேசும்போது அவ்வப்போது வாக்கியத்தில் பாதியை விழுங்கிவிடுகிற பழக்கம் அந்தப் பெண்ணுக்கு. விழுங்குவது எப்போதும் நல்ல பாதியாக இருக்கும்.

“சார், நம்ம அலமாரியில நல்ல நல்ல ஸ்லைடா இருக்கு. கேமராவை மாட்டி நானே எடுத்துத் தரேன்.”

“எதுக்கும்மா மெனக்கெடணும்? நெட்டுல இல்லாததா?”

உண்மைதான், நெட்டில் இல்லாதது இல்லை. உலகத்தின் மூலை முடுக்குகளில் உட்கார்ந்திருக்கும் பல நல்ல ஆத்மாக்கள், மலத்திலும் ரத்தத்திலும் குளத்துச் சேற்றிலும் கண் பூத்துப்போகத் தேடி, கிடைத்ததைப் படம்பிடித்து, மூலையில் அளவுக்கோடு போட்டு, எந்தச் சாயம், எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்றெல்லாம் குறித்து, கல்லூரிப் பாடத்துக்காக இலவசமாக வைத்திருந்தார்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், கீழே எங்கள் பெயரை ஒரு வரி போடுங்கள், அவ்வளவுதான் என்று கேட்டிருந்தார்கள். இப்படியும் வெகுளிகள் உலகத்தில் உண்டு.

“ஒரு வரி நன்றி போட்டா போதும் சார். முறைப்படி சரியாயிடும்” என்றாள் உதவிப் பேராசிரியை.

“படத்துக்குப் படம் நன்றி போட்டா, அப்போ நீ என்னய்யா பண்ணினேன்னு கமிட்டி கேக்காதா?”

“அதான் சார், நானும் அதைத்தான்...” என்று அவள் மீதியை விழுங்கினாள்.

ஒரு வரி. சொந்தக் காசில் ஒரு ரூபாய் வேண்டாம், குனிய வேண்டாம், சேற்றில் கால் வைக்க வேண்டாம். ஒரே ஒரு வரி நன்றி. அதைப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நாடாவின் உடம்பில் எல்லா உறுப்பும் இருந்தது, அந்த வரியைப் போடுகிற உறுப்பு மட்டும் பிறவியிலேயே கிடையாது. குடலில் குடியிருக்கும் புழுவுக்கு வாய் எதற்கு என்று இயற்கை விட்டுவிடவில்லையா, அந்த மாதிரி.

படங்களை அள்ளிக்கொண்டு அவர் போய் நின்ற இடம் மைத்துனனின் ஸ்டூடியோ. மனைவியின் தம்பி கல்யாணப் படம் எடுப்பதில் கெட்டிக்காரன். அவன் கைபட்டால் மணப்பெண்ணைப் பெற்ற தாயே ‘இது யாரு வீட்டுப் பொண்ணு’ என்று கேட்பாள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தொந்தியை அழித்த வேகத்தில் பக்கத்தில் நின்ற மாமனாரையும் அழித்துவிட்டான். குடும்பத்தில் பாதிப் பேர் அதற்காக அவனுக்குக் கைகொடுத்தார்கள்.

“மாமா, என்னது இது எலுமிச்சங்கா மாதிரி?”

“முட்டை, மாப்ளே.”

“எந்தக் கோழியோடது?”

“கோழி இல்லடா, புழுவோட முட்டை. மனுஷன் வயித்துல இருக்கும்.”

“ஐயையோ! இதுக்கெல்லாமா போட்டோகிராபர் வைக்கிறாங்க?”

“கேள்வி கேக்காதே. இது இன்னொருத்தன் எடுத்த படம்னு தெரியக்கூடாது. அதுக்கு வழி சொல்லு.”

“இவ்வளவுதானா? திருப்பிட்டாப் போச்சு மாமா. இடது வலதாயிடும், வலது இடதாயிடும். எடுத்தவனே வந்து பார்த்தாலும் எங்கயோ பார்த்த முகமா இருக்கேன்னு மண்டையைச் சொறிவானே தவிர, பிடிக்க முடியாது. என் ஆல்பம் டிசைனெல்லாம் எங்கிருந்து வருதுன்னு நினைச்சீங்க?” அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். “ஆனா மாமா, புழுவுக்கெல்லாம் இடது வலது கிடையாதே?”

நாடா யோசித்தார். யோசிப்பதுபோல் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “முட்டைக்கு ஏதுடா இடது வலது? திருப்பு.”

“மூலையில கோடு இருக்கே?”

“அளவுக்கோடு. அதுக்குப் பக்கத்துலயே அவங்க பேரும் இருக்கு.”

“வெட்டிடவா?”

“வெட்டு.”

கோடு போனதோடு அளவும் போனது. குண்டூசி முனையில் கூட்டமாக உட்காரக்கூடிய கொக்கிப்புழு முட்டையும், அதைவிடப் பெரிய கல்லீரல் தட்டைப்புழு முட்டையும் ஒரே கடையில் வாங்கின உருளைக்கிழங்குகள்போல அக்கம்பக்கமாக நின்றன. சிறுத்தையா பூனையா என்று கேட்டால், கோடு இல்லாத தளத்தில் இரண்டும் ஒன்றுதான்.

“அப்புறம் மாப்ளே, இவ்வளவு கஷ்டப்பட்டுப் போடறோம். நம்ம படத்தை எவனாவது திருடிட்டா?” என்று கவலைப்பட்டார் நாடா. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் கேட்டார்.

“வாட்டர்மார்க் போட்டுடலாம் மாமா. ஒவ்வொரு படத்துலயும் மூலையில உங்க முகம், சிரிச்ச மாதிரி.”

அந்த யோசனை நாடாவின் நெஞ்சைத் தொட்டது. அன்று மீதி நேரம் முழுக்க அவருடைய முகத்துக்கு விளக்கு வைத்துப் படமெடுப்பதிலேயே போயிற்று. கன்னத்து மருவை எடுக்கச் சொன்னார், காதைக் கொஞ்சம் அடக்கச் சொன்னார், தலையில் மயிர் ஏற்றச் சொன்னார். ஏற்றியதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னார்.

மைத்துனன் சொந்த அக்காள் புருஷன் வேலையாயிற்றே என்று ஒரு வாரம் கண்ணும் கருத்துமாக உழைத்தான். முடித்துவிட்டுப் பெருமையோடு கூப்பிட்டுச் சொன்னான்.

“மாமா, எல்லாத்தையும் திருப்பிட்டேன். அதோட சும்மா விட மனசு வரல, டச்சப்பும் பண்ணிட்டேன். ஒரு முட்டையில பக்கவாட்டுல முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அசிங்கமா. எடுத்துட்டேன். இன்னொண்ணுல ரெண்டு முனையிலயும் தக்கை துருத்திக்கிட்டு இருந்துச்சு, வழிச்சுவிட்டுட்டேன். அப்புறம் அந்த ரத்தப் படம் இருக்கே மாமா, ரோஸ் கலர்ல வட்ட வட்டமா எவ்வளவு அழகு! ஆனா உள்ள முழுக்கப் பரு மாதிரிப் புள்ளி. உக்காந்து ஒவ்வொண்ணா சுத்தம் பண்ணினேன்.”

முள்ளைப் பார்த்துத்தான் அந்த முட்டையை இன்னதென்று சொல்வார்கள். தக்கையைப் பார்த்துத்தான் சாட்டைப்புழுவைக் கண்டுபிடிப்பார்கள். ரத்தத்தில் இருந்த புள்ளி மலேரியாக் கிருமி. மருந்து மாத்திரை எதுவுமில்லாமல், ஊசிகூடப் போடாமல், உலகத்திலேயே முதன்முறையாக ஒரு கல்யாண ஸ்டூடியோ மலேரியாவை அடியோடு குணப்படுத்தியிருந்தது. நாடா இதைக் கேட்டாரா என்றால் கேட்டார். காது இருந்தது, விழுந்தது. கண் மட்டும் திரையின் மூலையில் சிரித்துக்கொண்டிருந்த மருவில்லாத முகத்தில் இருந்தது.

தளம் ஏறியது. உதவிப் பேராசிரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“ரொம்பச் சுத்தமா இருக்கு சார்.”

நாடாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வேகத்தில், செய்முறைத் தேர்வையும் இனி ஸ்லைடு வைத்து நடத்தக்கூடாது, தளத்துப் படங்களைத் திரையில் காட்டித்தான் நடத்த வேண்டும் என்று ஆணை போட்டார். கமிட்டி வருகிற நாளும் தேர்வு நாளும் ஒன்றே. தன் தளத்தைப் பிள்ளைகள் மளமளவென்று அடையாளம் கண்டு எழுதுவதைத் துணைவேந்தர் நேரில் பார்த்துக் கண்கலங்க வேண்டும் என்பது திட்டம்.

வெளித்தேர்வாளராக வந்தவர் ஓர் அம்மையார். வாழ்நாளில் பாதியை ஒற்றைக்குழாய் மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை இடுக்கியே கழித்தவர். இடுக்கின கண்ணாலேயே நாடாவைவிட நன்றாகப் பார்ப்பார். காலையில் தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு ஆய்வகத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் உதவிப் பேராசிரியையைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, ரத்தப் படக் கேள்விக்கு வகுப்பே சேர்ந்து ஒரே விடையை எழுதியிருக்கு. காப்பி அடிச்சாங்களா?”

“இல்ல மேடம். படத்துல வேற...”

“வேற?”

“வேற ஒண்ணுமே இல்ல மேடம்.”

அம்மையார் படத்தைத் திரையில் போடச் சொன்னார். கண்ணுக்கெட்டிய தூரம் பளிங்கு மாதிரி ரத்த அணுக்கள். ஒரு பொட்டு இல்லை. மூலையில் மட்டும் நாடா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கேள்வி: படத்திலுள்ள ஒட்டுண்ணியை அடையாளம் கண்டு எழுதுக.

பிள்ளைகள் அடையாளம் கண்டு எழுதியிருந்தார்கள். ‘எங்கள் துறைத் தலைவர்.’ ஒழுங்கான பிள்ளை ஒன்று, பாடத்தில் சொல்லிக்கொடுத்த முறைப்படி முழுவிவரத்தோடு எழுதியிருந்தது. ‘பருவம்: நன்கு முதிர்ந்தது. விருந்தோம்பி: பல்கலைக்கழகம். ஒட்டியிருக்கும் இடம்: நாற்காலி. ஆயுள்: ஓய்வு வயதுவரை, நீட்டிப்புக் கிடைத்தால் மேலும் மூன்று ஆண்டு. தடுப்பு முறை: இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.’

அம்மையார் சத்தமில்லாமல் சிரித்தார். தோள் குலுங்கியது, ஸ்டூல் குலுங்கியது, மேசையிலிருந்த சோதனைக்குழாய்கள் கிணுகிணுத்தன.

“இந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் முழு மார்க் போட்டுடு. பாவம், பிள்ளைங்க பார்த்ததைத்தான் எழுதியிருக்கு. மத்தியானம் நிஜ ஸ்லைடு வச்சு மறுபடியும் பரீட்சை. நீ இதையெல்லாம் முன்னாடியே பார்த்தியா?”

“பார்த்தேன் மேடம்.”

“சொல்லலியா?”

“அவர் ஹெட்டு மேடம். அவருக்குத் தெரியாததா?” என்றாள் உதவிப் பேராசிரியை, அப்பாவியாக. இந்தத் தடவை எந்தப் பாதியையும் விழுங்கவில்லை.

துணைவேந்தர் தாமதமாக, காலைத் தேர்வு முடிந்த பிறகுதான் பரிவாரத்தோடு வந்து இறங்கினார். கட்டடம் கட்டுவதில் பெரிய நிபுணர் அவர். உயிரினங்களில் அவருக்குத் தெரிந்தது மனிதன், அதிலும் ஒப்பந்தக்காரன். திரையில் படங்கள் ஓட ஓட அவருக்குப் பரவசம்.

“புழுன்னா அருவருப்பா இருக்கும்னு நினைச்சேன். என்ன பளபளப்பு! எல்லாம் நீங்களே எடுத்ததா?”

“ஒவ்வொண்ணும் என் கையால எடுத்ததுங்க சார்” என்றார் நாடா. “ராப்பகலா...”

“இந்த ரத்தம் யாரோடது?” என்று பின்னாலிருந்து அம்மையாரின் குரல்.

“மலேரியா நோயாளியோடது மேடம்.”

“குணமாயிட்டார் போல.”

நாடா பல்லை இளித்து அடுத்த படத்துக்குத் தாவினார். அடுத்தது நத்தை. கல்லீரல் தட்டைப்புழு தன் குஞ்சுப் பருவத்தை ஒரு குளத்து நத்தைக்குள்தான் கழிக்கும். அதனால் பாடத்தில் நத்தையும் உண்டு. மைத்துனன் அதற்கு நல்ல மெருகேற்றியிருந்தான். நிச்சயதார்த்த மோதிரம்போல மின்னியது.

“நில்லுங்க. இதை எங்க பிடிச்சீங்க?” என்றார் அம்மையார்.

“நம்ம கேம்பஸுக்குப் பின்னால குளம் இருக்கு மேடம். அதுலதான்.”

“அப்படியா? வாய் இடக்கைப் பக்கம் இருக்கே.”

நாடா திரையைப் பார்த்தார். அவருக்கு நத்தை தெரிந்தது, பக்கம் தெரியவில்லை. அம்மையாரே துணைவேந்தரின் பக்கம் திரும்பி விளக்கினார்.

“சார், நத்தையோட கூர்முனையை மேல வச்சு, வாய் நம்மைப் பார்க்கிற மாதிரிப் பிடிக்கணும். இந்தப் பாடத்துக்கு வேண்டிய நத்தைக்கு வாய் வலக்கைப் பக்கம் இருக்கும். எந்தக் குளத்துல எடுத்தாலும் அப்படித்தான். வாய் இடக்கைப் பக்கம் இருந்தா அது வேற சாதி; அது சுமக்கிறது ரத்தத் தட்டைப்புழுவை. அந்த நோய் இந்தப் பக்கமே கிடையாது. ஒண்ணு, படம் திரும்பியிருக்கணும். இல்லைன்னா இவர் பெரிய கண்டுபிடிப்புப் பண்ணியிருக்கணும். எதுன்னு அவரே சொல்லட்டும்.”

பாருங்கள், அந்த அம்மையார் கருணையோடு ஒரு கதவைத் திறந்தே வைத்தார். ‘படம் திரும்பிடுச்சு மேடம்’ என்று மூன்று சொல் சொன்னால் போதும், வெளியே போய்விடலாம். ஆனால் நத்தை திரும்பியது என்றால் முட்டை திரும்பியது, முட்டை திரும்பியது என்றால் எல்லாம் திரும்பியது, ஏன் திரும்பியது, யார் எடுத்தது என்று இழுத்துக்கொண்டே போகும். நாடாவின் கண்முன்னே மூன்று வருடம் நீந்தியது.

“கண்டுபிடிப்புதான் மேடம்” என்றார். “சரியான சமயம் பார்த்து வெளியிடலாம்னு காத்திருந்தேன்.”

துணைவேந்தர் துள்ளி எழுந்தார். “புது நத்தையா! நம்ம கேம்பஸ்லயா! ஏன்யா இவ்வளவு நாள் சொல்லல? இயக்குநர் பதவி உங்களுக்குத்தான். ஆர்டர் கையிலேயே இருக்கு. அந்த நத்தை ஒண்ணே ஒண்ணை உசிரோட என் கண்ணுல காட்டுங்க, அங்கேயே கையெழுத்துப் போடறேன்.”

“நல்ல யோசனை. பரீட்சைக்கு இன்னும் நேரம் இருக்கு. எல்லாருமே போவோம்” என்றார் அம்மையார்.

குளக்கரையில் கூட்டம் கூடியது. வகுப்பு முழுக்க வரிசையாக உட்கார்ந்தது. செய்தி பரவிப் பக்கத்துத் துறைகளும் வந்தன. கணிதத்துறைக்காரர்கள் உட்கார நாற்காலியே கொண்டுவந்தார்கள். நாடா வழியிலேயே மைத்துனனுக்குப் போன் போட்டு, இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரச் சொல்லியிருந்தார். அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கழுத்தில் கேமராவோடு வந்து சேர்ந்தான். பின்னாலேயே வீட்டம்மாளின் போன்.

“என்னங்க, குளத்துல இறங்கறீங்களாமே?”

“கண்டுபிடிப்புடி. அப்புறம் பேசறேன்.”

“என்னத்தையாவது கண்டுபிடிங்க. அந்தச் சேத்துப் பேன்ட்டோட வீட்டுக்குள்ள கால் வச்சீங்கன்னா தெரியும்.”

நாடா பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினார். இத்தனை வருடப் பணியில் பாடத்துக்காக அவர் நனைந்தது அதுதான் முதல் தடவை. பாசி வழுக்கியது; ஒரு தடவை உட்கார்ந்தே விட்டார். குளத்தில் நத்தைக்குப் பஞ்சமில்லை. இலையடியில், கல்லடியில், அழுகின கட்டையில் என்று அப்பிக்கிடந்தன. ஒன்றை எடுப்பார், கூர்முனையை மேலே பிடிப்பார், வாயைப் பார்ப்பார், வீசுவார். இன்னொன்றை எடுப்பார். வலது, வலது, மறுபடி வலது. அந்தக் குளத்து நத்தைகள் கூடிப்பேசி முடிவெடுத்த மாதிரி ஒன்றுகூட விட்டுக்கொடுக்கவில்லை. வலது வாய் நத்தையின் மேல் ஒரு மனிதனுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததை அந்தக் குளம் அதற்கு முன் பார்த்ததில்லை.

உதவிப் பேராசிரியை கரையோரம் வந்து குனிந்தாள். “சார், இங்க இருக்கிறது எல்லாமே வலப்பக்கம்தான். வருஷா வருஷம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து பொறுக்கறேனே.”

“அப்பவே சொல்லித் தொலைச்சா என்னம்மா?”

“நீங்க கண்டுபிடிச்சேன்னு சொன்னீங்க சார். பெரியவங்க பேசறப்ப நடுவுல நான் எப்படி...”

துணைவேந்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தவர், மை காய்ந்துவிடுமே என்று ஒரு தடவை உதறிப் பார்த்துக்கொண்டார். நாடாவின் கழுத்தில் வியர்வையும் குளத்துத் தண்ணீரும் கலந்து இறங்கியது.

அப்போதுதான் மைத்துனன் தண்ணீருக்குள் இறங்கி வந்தான். “மாமா, கிடைக்கிறப்பக் கிடைக்கட்டும். நீங்க இப்படிச் சேத்துல நிக்கிறது நல்ல போஸு. நத்தையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, நானும் நீங்களும் சேர்ந்து ஒரு செல்ஃபி. பின்னால சரித்திரத்துக்கு ஆகும்.”

நாடா சலிப்போடு கையிலிருந்த நத்தையைத் தூக்கிப் பிடித்தார். மைத்துனன் போனை முகம் பார்க்கிற கண்ணாடிபோல எதிரே நீட்டினான். நாடாவின் பார்வை திரையில் விழுந்தது. விழுந்தது அப்படியே நின்றது.

திரையில் நத்தையின் வாய் இடக்கைப் பக்கம் இருந்தது.

“டேய்!” என்று ஒரு சத்தம் போட்டார். மரத்திலிருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. “டேய், எடுடா! எடுத்துட்டியா? போனைக் குடு!” போனைப் பிடுங்கிக்கொண்டு, நத்தையை மறுகையில் பொத்திக்கொண்டு, அந்த உருண்டை உடம்பு எருமைக்கன்று மாதிரி தண்ணீரை இருபுறமும் வாரி இறைத்தபடி கரையேறியது. “சார்! கிடைச்சிடுச்சு சார்! பாருங்க, இடப்பக்கம்! கையெழுத்துப் போடுங்க!”

துணைவேந்தர் ஆவலோடு போனை வாங்கிப் பார்த்தார். படம் பிரமாதமாக இருந்தது. மைத்துனன் ஓடிவந்த அவசரத்திலும் லேசாக மெருகேற்றும் வசதியைத் தட்டியிருந்தான் போலும். நாடாவின் முகத்தில் சேறே இல்லை. வாய் இடப்பக்கம்தான். பேனா ஆணையை நோக்கி இறங்கியது.

“போன் வேண்டாம் சார்” என்றார் அம்மையார். “நத்தையைக் குடுக்கச் சொல்லுங்க.”

“படத்துலயே தெளிவாத் தெரியுதே மேடம்” என்றார் நாடா, மூச்சு வாங்க.

“நத்தை.”

அம்மையார் அவருடைய பொத்தின கையைத் தானே பிரித்தார். நத்தையை எடுத்து, சேற்றைத் துடைத்து, கூர்முனை மேலே இருக்க, வாய் முன்னால் இருக்க, நாடாவின் உள்ளங்கையிலேயே நிறுத்தினார். துணைவேந்தரும் குனிந்தார். கணிதத்துறை நாற்காலிகளிலிருந்து எழுந்தது.

“சொல்லுங்க புரொஃபஸர். எந்தப் பக்கம்?”

நாடா கையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். கையில் இருந்தது சேற்றுநிறத்தில், சின்னதாக, சாதாரணமாக இருந்தது. வலப்பக்கம் வாயைத் திறந்து கொம்பை மெதுவாக நீட்டியது. போனில் இருந்தது மின்னியது. பக்கத்தில் அவரும் எவ்வளவு நன்றாக இருந்தார்! இவ்வளவு அழகான ஒன்று எப்படிப் பொய்யாக முடியும்?

“மேடம்,” என்றார், குரலில் உண்மையான வருத்தத்தோடு, “கையில வச்சுப் பார்த்தா சரியாத் தெரியாது மேடம். படத்துல பாருங்க.”

வகுப்பில் யாரோ தும்மினார்கள். தும்மலா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு கரை முழுக்க அதே நோய் பரவியது. மைத்துனன் மட்டும் மாமாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, கையிலிருந்ததையும் போனிலிருந்ததையும் ஒப்பிட்டு, தொழில்முறையில் தலையை ஆட்டினான். “மாமா சொல்றது சரிதாங்க. நேர்ல இதுல ஒண்ணும் எடுபடல.”

துணைவேந்தருக்கு உயிரினங்கள் தெரியாது. ஆனால் தன் வலக்கை எது என்று தெரியும். வாழ்நாள் முழுக்க அதில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கையால் பேனாவை மூடினார். ஆணையை நாலாக மடித்து உள்பையில் செருகினார். “ஓய்வு நாள்ல நல்லபடியா ஒரு பாராட்டு விழா வச்சுடுவோம்” என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

“பரீட்சைக்கு நேரமாச்சு, எழுந்திருங்க” என்று அம்மையார் பிள்ளைகளை விரட்டினார். உதவிப் பேராசிரியை குளத்திலிருந்து நாலைந்து நத்தைகளைப் பாட்டிலில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனாள். கரை காலியாயிற்று.

நாடா உள்ளங்கையில் நத்தையோடு கரைச் சேற்றில் நின்றார். கார் திரும்பி, புழுதி கிளப்பி, கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மைத்துனனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ளே, அவர் அங்க பேனாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே, அதை எடுத்தியாடா?”

“எடுத்தேன் மாமா.”

“கையெழுத்துப் போட்ட மாதிரி அதைக் கொஞ்சம் டச்சப் பண்ண முடியுமா பாரு.”